குழாயை எடுத்த பிறகு தொடங்கும் சிகிச்சை

பல மாதங்களாக வாய்வழியே உண்ண இயலாமல் இருந்த ஒருவரின் உடலிலிருந்து ஊட்டுக்குழாயை அகற்றும் நாள், அவருடைய குடும்பத்துக்குப் பொங்கல் நாளுக்கு ஒப்பானது. மருத்துவமனைக்கோ அது ஒரு கோப்பு முடிந்த நாள். குழாய் எடுக்கப்படும், பஞ்சும் காஸ் துணியும் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டப்படும், "இனிச் சாதாரணமாகச் சாப்பிடலாம்" என்ற ஒற்றை வரியோடு நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படுவார். ஆனால், உடலைப் பொறுத்தவரை அன்றுதான் ஒரு புதிய வேலை தொடங்குகிறது. இரைப்பைக்கும் தோலுக்கும் இடையே மனிதக் கை திறந்த ஒரு வழியை, மனித உதவியின்றி உடல் தானே அடைத்தாக வேண்டும்.

புதுச்சேரியில் அறுவைச் சிகிச்சைப் பிரிவுகளில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். குழாய் பொருத்தப்படும்போது ஒரு குடும்பத்துக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் நான்கில் ஒரு பங்குகூட, அது எடுக்கப்படும்போது சொல்லப்படுவதில்லை என்பதை என் பணிக்காலம் முழுவதும் கண்டேன். எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமன்று. இது பொதுவான வழக்கம். அந்த மௌனத்தால் நேரும் அச்சமும் அலைச்சலும் தவிர்க்கக்கூடியவை என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் 'உணவுக்குழாய்' என்றால், தொண்டையிலிருந்து இரைப்பைக்குச் செல்லும் இயற்கையான உறுப்பையே குறிக்கும். எனவே, மருத்துவர் பொருத்தும் செயற்கைக் குழாயை 'ஊட்டுக்குழாய்' என்றே இக்கட்டுரையில் அழைக்கிறேன். மக்கள் வழக்கில் அது வெறும் 'டியூப்'.

மூன்று வழிகள்

ஊட்டுக்குழாய்கள் உடலுக்குள் செல்லும் வழிகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது மூக்கு வழி. நம் மருத்துவமனைகளில் கடைநிலை ஊழியர் வரை அனைவரும் 'ரைல்ஸ் டியூப்' என்று சொல்வது இதைத்தான். ஜான் ஆல்பிரட் ரைல் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1921-இல் இதை அறிமுகப்படுத்தியது உணவு செலுத்துவதற்காக அன்று. இரைப்பை நீரைச் சோதனைக்காக வெளியே எடுப்பதற்காக. பிற்காலத்தில் அது உணவு செலுத்தும் வழியாகவும் ஆயிற்று.

இரண்டாவது, வயிற்றுச் சுவரில் துளையிட்டு நேரே இரைப்பைக்குள் செலுத்துவது. மனிதருக்கு இந்த அறுவைச் சிகிச்சையை முதன்முதலில் செய்தவர் பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரைச் சேர்ந்த சார்ல் செதில்லோ; ஆண்டு 1849. கிருமிநீக்க முறைகள் அறியப்படாத காலம், நோயாளி பிழைக்கவில்லை. 1876-இல் பாரிஸில் வெர்னெய் என்ற அறுவை மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளைஞர் பிழைத்தார். அவர் காரத்தை விழுங்கி உணவுக்குழாய் அடைபட்டவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். அதற்குப் பின்னர் வருவேன். வயிற்றைத் திறக்காமல், உள்நோக்கிக் கருவியின் துணையோடு இக்குழாயைப் பொருத்தும் இன்றைய முறையை, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கேல் காடரர், ஜெஃப்ரி பான்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள் 1979-இல் ஒரு குழந்தைக்கு முதன்முதலாகச் செய்து காட்டினார்கள். 'பெக்' என்று இன்று சுருக்கமாக அழைக்கப்படுவது அதுவே.

மூன்றாவது, இரைப்பையைத் தவிர்த்துச் சிறுகுடலுக்குள் செலுத்துவது. உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ பெரிய அறுவைச் சிகிச்சை செய்யப்படுவோருக்கும், அந்த உறுப்புகள் வெந்துபோனவர்களுக்கும் இதுவே கைகொடுக்கிறது.

பிரெஞ்சு அரசு 1823-இல் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே இன்றைய ஜிப்மர். கோரிமேட்டில் இருக்கும் அந்நிறுவனத்துக்கும், நகரின் பிற பெரிய மருத்துவமனைகளுக்கும் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து நாள்தோறும் நோயாளிகள் வருகின்றனர். பக்கவாதத்தால் விழுங்கும் ஆற்றல் இழந்தவர்கள், வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறுபவர்கள், கழிவறை தூய்மைப்படுத்தும் அமிலத்தைத் தவறியோ மனம் உடைந்தோ குடித்துவிட்டவர்கள் என, ஊட்டுக்குழாயோடு ஊர் திரும்புவோர் பலர். அவர்களுள் மீண்டு வருவோருக்கு ஒருநாள் அந்தக் குழாய் எடுக்கப்படும்.

உடல் கட்டும் சுரங்கம்

மூக்குக்குழாயை எடுத்தபின் ஆறவேண்டியது அதிகமில்லை. மூக்கின் உட்புறத்திலும் தொண்டையிலும் உரசலால் ஏற்பட்ட எரிச்சல், கரகரத்த குரல், விழுங்கும்போது ஒரு சிறு வலி ஆகியவை பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். நீண்ட நாள் ஒரே பக்கம் குழாய் இருந்தவர்களுக்கு மூக்கு மடலின் ஓரத்தில் புண் உண்டாகியிருக்கலாம். அது ஆறச் சற்றுக் கூடுதல் நாட்கள் பிடிக்கும்.

வயிற்றுக்குழாயின் கதை வேறு. குழாய் பொருத்தப்பட்ட நாளில் வயிற்றுச் சுவரும் இரைப்பைச் சுவரும் இரண்டு தனித்தனிச் சுவர்கள். குழாய்தான் அவற்றை ஒன்றோடொன்று அணைத்துப் பிடித்திருக்கிறது. உடல் அந்த அந்நியப் பொருளைச் சுற்றிப் புதிய சதையை வளர்க்கிறது. இரண்டு சுவர்களும் மெல்ல ஒட்டிக்கொள்கின்றன. ஏறத்தாழ நான்கு வாரங்களில், தோலிலிருந்து இரைப்பை வரை உறுதியான ஒரு சிறு சுரங்கம் உருவாகிவிடுகிறது. ஊட்டச்சத்துக் குறைந்தவர்களுக்கும், ஸ்டீராய்டு மருந்து உண்பவர்களுக்கும் இன்னும் சில வாரங்கள் ஆகும்.

இந்தச் சுரங்கம் முதிர்வதற்கு முன்பு குழாயை எடுக்கக் கூடாது என்பது அடிப்படை விதி. ஒட்டாத இரைப்பை பின்வாங்கினால், அதிலுள்ள அமிலமும் உணவும் வயிற்றறைக்குள் கசிந்து உயிருக்கே ஆபத்தாகும். முதிர்ந்த பிறகு எடுத்தால் அந்த அச்சமில்லை. கசிவது சுரங்கத்தின் வழியே வெளியேதான் வரும்.

குழாயை எடுக்கும் முறை அதன் அமைப்பைப் பொறுத்தது. உள்முனையில் நீர் நிரம்பிய பலூன் உடைய குழாயாயின், நீரை ஊசிக்குழலால் உறிஞ்சிவிட்டு மெல்ல இழுத்தால் வந்துவிடும். சில நொடி வேலை. உள்ளே தட்டுப் போன்ற தடுப்புடைய குழாயாயின், அழுத்தி இழுக்கவோ உள்நோக்கி வழியே எடுக்கவோ வேண்டிவரும். வலி சற்றுக் கூடுதல்.

குழாய் வெளியேறிய கணமே உடல் செயல்படத் தொடங்கிவிடுகிறது. இரைப்பையின் தசைச்சுவர் சுருங்குகிறது, உள்வாயில் இறுகுகிறது. இரைப்பையின் உட்படலம் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னை முழுதும் புதுப்பித்துக்கொள்ளும் வேகமுடையது. அதனால் உட்புறம் விரைவாக மூடிக்கொள்கிறது. சுரங்கத்தில் இரத்தம் உறைந்து ஓர் அடைப்பு உண்டாகிறது. அதன்மேல் சிவந்த புதுச்சதை அடியிலிருந்து வளர்ந்து நிரப்புகிறது. இறுதியில் தோல் ஓரங்களிலிருந்து நகர்ந்து மேலே மூடுகிறது. பெரும்பாலானோருக்கு முதல் ஓரிரு நாட்கள் சிறிது கசிவு இருக்கும். மூன்று நாட்களுக்குள் அது வற்றிவிடும். ஓரிரு வாரங்களில் மேற்புறமும் ஆறிவிடும். எஞ்சுவது இரண்டாம் தொப்புளைப் போன்ற ஒரு சிறு குழி.

அடிக்கடி நான் எதிர்கொண்ட வினா ஒன்றுண்டு: "இத்தனை பெரிய துளைக்குத் தையல் போட வேண்டாமா?" வேண்டாம். மேலே தைத்து மூடினால், உள்ளே கசியும் நீர் வெளியேற வழியின்றித் தேங்கிச் சீழ்க்கட்டியாகும். அடியிலிருந்து மேல்நோக்கி ஆறுவதே இப்புண்ணுக்கு இயல்பான, பாதுகாப்பான வழி.

மூட மறுத்த ஒரு துளை

எல்லாத் துளைகளும் இவ்வாறு பணிந்துவிடுவதில்லை. மருத்துவ வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற மூடாத் துளை, அலெக்சிஸ் சென் மார்த்தன் என்ற பிரெஞ்சுக் கனேடிய இளைஞருடையது. வட அமெரிக்காவின் மேக்கினா தீவில் 1822 ஜூன் 6 அன்று, மென்மயிர்த் தோல் வணிகக் கடையொன்றில் தவறுதலாக வெடித்த துப்பாக்கியின் குண்டுகள் அவருடைய விலாவையும் இரைப்பையையும் கிழித்தன. பிழைக்கமாட்டார் என்று கருதிய ராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட், அவரைக் காப்பாற்றினார். ஆனால் துளை மூடவில்லை. இரைப்பையின் கிழிந்த ஓரம் தோலின் ஓரத்தோடு நேரடியாக ஒட்டி ஆறிவிட்டது. விரலால் விலக்கினால் இரைப்பையின் உள்ளே பார்க்கலாம் என்ற நிலை.

போமண்ட் அந்தத் துளை வழியே பட்டு நூலில் கட்டிய உணவுத் துண்டுகளை இறக்கி, எவ்வளவு நேரத்தில் கரைகின்றன என்று குறித்துவைத்தார். 238 சோதனைகளும் உற்றறிதல்களும் அடங்கிய அவருடைய நூல் 1833-இல் வெளியாயிற்று. செரிமானம் அரைக்கும் வேலை மட்டுமன்று, வேதிவினையும் ஆகும் என்று உலகுக்கு உறுதியாகச் சொன்ன நூல் அது. சென் மார்த்தனோ, அந்தத் துளையோடே மணம் புரிந்து, பிள்ளைகள் பெற்று, 1880 வரை வாழ்ந்தார். ஓர் ஏழையின் ஆறாத புண் அறிவியலுக்கு வாயிலானது பெருமையா, அநீதியா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது.

நமக்கு அவருடைய உடல் சொல்லும் பாடம் ஒன்றே. இரண்டு தோல்கள் சந்தித்துக் கைகோத்துவிட்டால், அந்த இடத்தில் ஆற வேண்டிய புண் இருப்பதாக உடல் கருதுவதில்லை. அது ஒரு இயல்பான வாயிலாகவே நிலைத்துவிடுகிறது. காது குத்திய துளை புதிதாயிருக்கும்போது தோட்டைக் கழற்றினால் தூர்ந்துவிடுகிறது. பத்தாண்டு தோடணிந்த காதின் துளை தூர்வதில்லை. காரணம் ஒன்றே.

ஏன் சில துளைகள் மூடுவதில்லை?

ஊட்டுக்குழாய் பல மாதங்கள், சில ஆண்டுகள் இருந்தவர்களின் சுரங்கத்தில் உட்படலமும் தோலும் உள்நோக்கி வளர்ந்து பூசிவிடுகின்றன. எனவேதான், ஆண்டுக்கணக்கில் குழாயோடு வளரும் குழந்தைகளுக்கு, குழாயை எடுத்தபின் துளை மூடாமல் கசிந்துகொண்டிருக்கும் வாய்ப்பு கூடுதல். குழாய் எத்தனை காலம் இருந்தது என்பதே முதல் காரணம்.

இரண்டாவது, தடை. பாகூர் ஏரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கீழ்மடை அடைபட்டிருக்கும்போது கரையின் உடைப்பை எத்தனை முறை அடைத்தாலும் நீர் அதையே தேடும். இரைப்பைக்குக் கீழே குடலில் சுருக்கமோ அடைப்போ இருந்தால், துளை வழியே உணவு வந்துகொண்டுதான் இருக்கும். நாட்பட்ட மலச்சிக்கலும் இடைவிடாத இருமலும்கூட உள்ளழுத்தத்தைக் கூட்டுகின்றன.

மூன்றாவது, உடலின் வறுமை. எடை குறைந்தவர், இரத்தசோகை உடையவர், கட்டுப்படாத சர்க்கரை நோயாளி, புகைப்பவர், அந்த இடத்தில் கதிர்வீச்சு பெற்றவர், நெடுங்காலம் ஸ்டீராய்டு உண்பவர் ஆகியோருக்குப் புதுச்சதை வளரத் தாமதமாகும். நான்காவது, கிருமித்தொற்று. ஐந்தாவது, அமிலம், கசியும் இரைப்பை நீர் தன் வழியிலுள்ள புதுச்சதையையே அரித்துவிடுகிறது.

இவற்றுக்கெல்லாம் மருத்துவம் உண்டு. அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகள் முதற்படி. அளவுக்கு மீறி வளர்ந்து கசியும் சிவந்த சதையை, சில்வர் நைட்ரேட் கொண்டு மருத்துவர் தொட்டு அடக்குவார். ஏறத்தாழ ஒரு மாதமாகியும் கசிவு நிற்காவிட்டால், உள்நோக்கி வழியே கவ்விகள் இட்டோ, சிறிய அறுவைச் சிகிச்சையால் சுரங்கத்தையே வெட்டியெடுத்துத் தைத்தோ மூடலாம். எனவே, "இனி இப்படியேதான் வாழ வேண்டும்" என்று எவரும் மனந்தளர வேண்டியதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

குழாய் எடுத்த அன்று, மருத்துவர் சொல்லும் சில மணி நேரம் உணவும் நீரும் தவிர்க்கப்பட வேண்டும். அடுத்த சில நாட்கள், மூன்று வேளை வயிறு முட்ட உண்பதற்குப் பதில், ஐந்தாறு வேளை கொஞ்சம் கொஞ்சமாக உண்பது நல்லது. நிறைந்த இரைப்பை புதிய மூடியை உள்ளிருந்து தள்ளும்.

காஸ் துணி நனைந்தால் மாற்ற வேண்டும். நனைந்த துணி நெடுநேரம் இருந்தால், தோல் ஊறி வெந்துபோகும். மாற்றுமுன் சோப்பால் கை கழுவுவது கட்டாயம். கொதித்து ஆறிய நீராலோ சலைன் நீராலோ துடைத்து, ஒற்றி உலர்த்தி, புதிய துணி வைத்தால் போதும். கசிவு இருந்தால், சுற்றியுள்ள தோலின்மீது துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லப் பூசலாம். அது அமிலத்துக்கும் தோலுக்கும் இடையே ஒரு தடுப்பு. சிறுகுடல் குழாய் எடுத்தவர்களுக்கு இது மேலும் தேவை; அங்கே கசிவது பித்தநீர் கலந்த மஞ்சள் நீர், தோலை விரைவில் புண்ணாக்கும்.

மஞ்சள் தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு, சாம்பல், தேங்காய் எண்ணெய் என்று நல்லெண்ணத்தோடு அள்ளி வைக்கப்படும் எதுவும் இந்தத் துளைக்கு வேண்டாம். இது தோலில் பட்ட சிராய்ப்பன்று. இரைப்பை வரை நீளும் வழி. துளையை அடைக்கப் பஞ்சைத் திணிப்பதும் கூடாது. எது உள்ளே இருந்தாலும் உடல் அதைச் சுற்றி ஆறாது.

ஓரிரு நாட்களுக்குப் பின் உடல்மேல் நீரூற்றிக் குளிக்கலாம். ஆனால் துளை முழுதும் மூடும்வரை குளத்திலோ ஆற்றிலோ கடலிலோ மூழ்கக் கூடாது. கடற்கரைக் குப்பங்களிலிருந்து வரும் நோயாளிகளுக்கு நான் இதை இருமுறை சொல்வது வழக்கம். வலை இழுப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது, அரிசி மூட்டை சுமப்பது போன்ற வேலைகளை மருத்துவர் அனுமதிக்கும்வரை தள்ளிப்போட வேண்டும். இருமும்போதும் தும்மும்போதும் துணியின்மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்திக்கொள்வது உதவும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள் இவை: காய்ச்சல், துளையைச் சுற்றிச் சிவந்து சூடாகி வீங்குதல், நாற்றமுள்ள சீழ், நிற்காத இரத்தம், வயிறு முழுவதும் கடுமையான வலி, கல்போல் இறுகுதல், தொடர் வாந்தி. உண்ட உணவும் தேநீரும் நான்கைந்து நாட்களுக்குப் பிறகும் துளை வழியே வந்துகொண்டிருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பத்தியம் என்ற பெயரில் பட்டினி

நம் வீடுகளில் 'புண் ஆறும்வரை பத்தியம்' என்பது எழுதாச் சட்டம். முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாம் சீழ் வைக்கும் என்று விலக்கப்பட்டு, பாலில் நனைத்த ரொட்டியும் தெளிந்த கஞ்சியும் மட்டுமே தட்டுக்கு வருகின்றன. அன்பின் மிகுதியால் செய்யப்படுவதே ஆயினும், இதன் விளைவு நேர்மாறானது. புதுச்சதை என்பது புரதத்தால் கட்டப்படுவது. சுவர் எழுப்பும் கொத்தனாருக்குச் செங்கல் கொடுக்காமல் நீரை மட்டும் கொடுப்பதற்கு ஒப்பானது, புண் ஆறுகிறவருக்குக் கஞ்சித் தெளிவை மட்டும் கொடுப்பது.

புண் ஆறும் காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பது பொதுவான மருத்துவ அளவு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் இருக்கிறது. 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம். ஒரு குவளைப் பாலில் ஏறத்தாழ 6 கிராம். புலால் உண்ணாதவர்களுக்குக் குழைய வேகவைத்த பருப்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை மாவுக் கஞ்சி, தயிர் ஆகியவை துணை. புதுச்சதையைப் பின்னிப் பிணைக்க வைட்டமின் சி வேண்டும். நெல்லிக்காயும் கொய்யாவும் அதைத் தாராளமாகத் தருகின்றன. சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் புரத அளவை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

நாவும் மனமும்

துளை ஆறுவதற்கு இணையாக இன்னொன்றும் ஆற வேண்டும்: விழுங்கும் பழக்கம். குழாய் எடுக்கும் முடிவே இதைப் பொறுத்துத்தான் அமைய வேண்டும். தேவையான உணவு, நீர், மாத்திரைகள் அனைத்தையும் வாய்வழியே உட்கொண்டு, சில வாரங்கள் எடை குறையாமல் இருக்கிறார் என்று உறுதியான பின்பே குழாயை எடுப்பது முறை. பக்கவாதம் வந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொடக்கத்தில் விழுங்குவதில் இடர் இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் மீள்கின்றனர். ஆனால் மீண்டதாகத் தோன்றுவது வேறு, மீள்வது வேறு. உண்ணும்போது இருமல், உண்டபின் குரல் நீர் கலந்ததுபோல் ஒலித்தல், அடிக்கடி நெஞ்சுச்சளி ஆகியவை உணவு மூச்சுக்குழலுக்குள் நுழைவதன் அடையாளங்கள்.

நீர் விழுங்குவதே எளிது என்று நாம் நினைக்கிறோம். விழுங்கும் ஆற்றல் குறைந்தவர்களுக்கு நீர்தான் கடினம். அது கட்டுப்படாமல் ஓடிவிடும். கூழ்ப் பதத்தில் உள்ளது நாவுக்கு அடங்கும். எனவே, குழைந்த தயிர்சாதம், மசித்த இட்லி, கெட்டியான கேழ்வரகுக் கூழ் என்று தொடங்கிப் படிப்படியாக முன்னேறுவது வழக்கம். நிமிர்ந்து அமர்ந்து உண்பதும், உண்டபின் அரை மணி நேரமாவது படுக்காதிருப்பதும் இன்றியமையாதவை. பேச்சு, விழுங்குதல் பயிற்சியாளரின் வழிகாட்டல் கிடைத்தால், தாடையைத் தாழ்த்தி விழுங்குவது போன்ற உத்திகளையும் கற்கலாம். அவை எல்லாருக்கும் பொருந்துவன அல்ல என்பதால் தாமாகவே முயலக் கூடாது.

பிறந்தது முதல் குழாயால் வளர்ந்த குழந்தைக்கு உணவு என்பதே அந்நியம். வாயருகே கரண்டி வந்தால் அழும், வாந்தி எடுக்கும். இதைப் பிடிவாதம் என்று தாய்மார்கள் கண்டிப்பதுண்டு. பசி என்றால் என்ன, அது வாயால் தீரும் என்பதையே அக்குழந்தை புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. கட்டாயப்படுத்தினால் கற்றல் தள்ளிப்போகும்.

அமிலம் குடித்து உயிர்பிழைத்தவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பாரிஸின் அந்த 1876-ஆம் ஆண்டு இளைஞரைப் போலவே, இவர்களுடைய உணவுக்குழாய் தழும்பேறிச் சுருங்கிவிடுகிறது. மீண்டும் மீண்டும் விரிவாக்கியோ, பெருங்குடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து புதிய வழி அமைத்தோ, மருத்துவர்கள் உண்ணும் வழியை மீட்டுத் தருகின்றனர். அதன்பின்பே குழாய் எடுக்கப்படுகிறது. வயிற்றின் தழும்பு ஆறிவிடும்; அந்த நாளுக்கு இட்டுச்சென்ற மனவேதனை ஆறியதா என்று எவரும் கேட்பதில்லை. குழாய் எடுக்கும் நாளிலேயே மனநல ஆலோசனைக்கும் ஒரு நாள் குறித்துக் கொடுப்பது சிகிச்சையின் பகுதியாக வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

தானாகக் கழன்றுவிட்டால்

வேண்டும்போது மூடாத அதே துளை, வேண்டாதபோது விரைந்து மூடிவிடும் என்பது இதன் மறுபக்கம். இன்னும் குழாய் தேவைப்படும் நோயாளி தூக்கத்தில் அதை இழுத்துவிடலாம். பலூன் உடைந்து தானே நழுவலாம். முதிர்ந்த சுரங்கமும் சில மணி நேரத்தில் சுருங்கத் தொடங்கிவிடும். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருந்தால், மீண்டும் முதலிலிருந்து துளையிட வேண்டிவரும். குழாய் பொருத்தி நான்கு வாரங்கள் ஆகாத நிலையில் கழன்றால், வீட்டிலோ அருகிலுள்ள சிறு மருத்துவமனையிலோ அதைக் குருட்டுத்தனமாக உள்ளே தள்ளவே கூடாது. இரு நிலையிலும், கழன்ற குழாயைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே புறப்பட வேண்டும்.

புறப்படுவது எங்கே? புதுச்சேரி நகரவாசிக்கு இது கால் மணி நேரப் பயணம். இதே ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்கால் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பேருந்தில் மூன்று மணி நேரத்துக்கும் மேல். செஞ்சி மலையடிவாரக் கிராமங்களிலிருந்து வருபவர்களுக்கும் நிலை ஏறக்குறைய அதுவே. நகரில் உள்ள பெரிய மருத்துவமனையின் திறமை, இத்தகைய இரவுகளில் அவர்களுக்குப் பயன்படுவதில்லை. முதிர்ந்த சுரங்கம் மூடாமலிருக்கத் தற்காலிகமாக ஒரு சாதாரண ஃபோலே குழாயைச் செருகி வைத்தால் போதும். பயிற்சி பெற்ற செவிலியரால் செய்யக்கூடிய வேலை அது. அந்தப் பயிற்சி அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

செலவில்லாத சில மாற்றங்கள்

நான் கேட்பவை பெரிய நிதி ஒதுக்கீடுகள் அல்ல. முதலாவது, குழாய் எடுக்கப்படும் ஒவ்வொருவர் கையிலும் தமிழில் அச்சிட்ட ஒரு பக்கத் தாள். எப்போது உண்பது, எப்படிக் கட்டு மாற்றுவது, எந்த அறிகுறிக்கு எந்த எண்ணை அழைப்பது என்பவை அதில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய வெளியேற்றக் குறிப்பு மருத்துவருக்கு உதவும். இரவு இரண்டு மணிக்கு நனைந்த துணியைப் பார்த்துத் திகைக்கும் மனைவிக்கு உதவாது.

இரண்டாவது, குழாய் பொருத்திய அன்றே அதன் வகை, அளவு, பொருத்திய தேதி, மறுபரிசீலனைத் தேதி ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிக் கொடுப்பது. பல நோயாளிகள் மீண்டு, வாய்வழியே நன்றாக உண்ணத் தொடங்கிய பின்னும் மாதக்கணக்கில் குழாயோடு இருக்கின்றனர். எடுக்கலாம் என்று சொல்ல எவருமில்லை என்பதே காரணம். அந்த வீணான மாதங்கள்தாம் சுரங்கத்தை நிரந்தர வாயிலாக்குகின்றன.

மூன்றாவது, வாரத்தில் ஒரு பிற்பகல், செவிலியர் நடத்தும் ஊட்டுக்குழாய்ப் பராமரிப்புப் பிரிவு. ஒரு கட்டு மாற்றுவதற்காக ஒரு நாள் கூலியை இழந்து வந்து, புறநோயாளிகள் வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு அது பேருதவியாகும். நான்காவது, ஆரம்பச் சுகாதார நிலையச் செவிலியருக்கும் ஆஷா பணியாளர்களுக்கும் இத்துறையில் ஒருநாள் பயிற்சி. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலிதணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடிச் செல்கின்றன. அந்தப் பயணத்தில் ஊட்டுக்குழாய்ப் பராமரிப்பையும் சேர்த்துக்கொள்வது கடினமன்று. எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் வாழும் நோயாளிகளுக்கு இரு அரசுகளும் ஒரே தாளை, ஒரே அட்டையைப் பயன்படுத்தினால் இன்னும் சிறப்பு.

ஒரு விரற்கடை அகலமுள்ள அந்தத் துளையை மூடும் அறிவு நம் உடலுக்கு இயல்பாகவே இருக்கிறது. அது தன் வேலையைச் செய்யத் தேவையானவை தூய்மையான துணி, போதிய புரதம், தக்க தருணத்தில் எடுக்கப்பட்ட குழாய், ஐயம் எழும்போது பதில் சொல்ல ஒரு குரல். முதல் மூன்றும் பெரும்பாலான குடும்பங்களால் இயலும். நான்காவதை மருத்துவமனைகள்தாம் தர வேண்டும்.